10 ரூபாய் பாக்கெட்டில் சொக்கிக் கிடக்கும் சிறுவர்கள்!

கருக்களாச்சேரி, மே 20-

மீன்பிடி தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குக் கடலில் வேலை இல்லை. வீடுகளில் காசு நடமாட்டம் குறைவு. ஆனால் காரைக்காலை அடுத்த இந்த மீனவ கிராமத்தில் ஒரு வியாபாரம் மட்டும் படுஜோர். அதுதான் போக்கிமான் கார்டு!

பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது. பாக்கெட் ரூ.10. உள்ளே 5 கார்டு. என்ன கார்டு என்பது கிழித்த பிறகுதான் தெரியும்.

நமது நிருபர் கண்ணெதிரே ஒரு பையன் 3 பாக்கெட் கிழித்தான். 15 கார்டில் 9 ஏற்கனவே அவனிடம் உள்ளவை. "சாரிசார்டு வரலேண்ணே" என்றான். முகம் செத்துப்போச்சு. நாலாவது பாக்கெட்டுக்குக் காசு? அம்மா கருவாடு விற்று வைத்திருந்த சுருக்குப்பையில் இருந்து வந்ததாம். கேட்டு எடுத்தியா, கேட்காமல் எடுத்தியா என்றதற்குப் பதில் இல்லை.

"பாக்கெட்டுக்கு 2 ரூபா நிக்கும் சார். ஒரே பையன் நாளைக்கு நாலு தடவை வர்றான்" என்றார் கடைக்காரர்.

கணக்கு இதோ!

100 வகை கார்டு என்று வையுங்கள். ரிப்பீட்டே வராவிட்டால் 20 பாக்கெட், ரூ.200 போதும். ஆனால் கண்ணைக் கட்டி எடுக்கும்போது 100-ம் சேர சராசரி 519 கார்டு வாங்க வேண்டும். சுமார் 104 பாக்கெட். ரூ.1,040! கடைசி ஒரு கார்டுக்கு மட்டும் சராசரி 100 கார்டு. இது எல்லா கார்டும் சம அளவில் அச்சடித்தால். கம்பெனி அப்படியா அச்சடிக்கிறது? ஆசைப்படும் கார்டைக் குறைத்துத்தான் போடும். லாபம் அங்கேதான்.

அமெரிக்காவில் 1993-ல் 'மேஜிக்', ஜப்பானில் 1996-ல் போக்கிமான் என்று வந்த வித்தை இது. நம்ம ஊருக்கும் புதுசல்ல. 'பிக் ஃபன்' பபிள்கம்மில் கிரிக்கெட் படம் சேர்த்து ரன் எண்ணியவர்கள் இன்றைக்கு அப்பாக்கள்.

வெளிநாட்டுக் கடைக்காரர்கள் இன்னும் கில்லாடிகள். பெட்டியைத் தாங்களே பிரித்து, அரிய கார்டைத் தனியே நல்ல விலைக்கு விற்கிறார்கள். அந்த விலையைக் கேட்டு நாலு பேர் புது பாக்கெட் வாங்குவான். 2021-ல் ஓர் அமெரிக்கர் ஒரு பிகாச்சு கார்டை 52 லட்சத்து 75 ஆயிரம் டாலர் மதிப்புக்கு வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கார்டு பாக்கெட்டில் வந்ததே இல்லை. ஜப்பானில் ஓவியப் போட்டிக்குக் கொடுத்த பரிசு!

அசல் பாக்கெட் 10 ரூபாய்க்குக் கிடைக்காது. இங்கே தொங்குவது போலி. சாரிசார்டு வந்தாலும் காலணா பெறாது. பையனிடம் சொன்னோம். "தெரியும்ணே, ஆனா மினுங்குமே" என்றான்.

கரையேறிய படகின் நிழலில் பொடியன்கள் மாற்று வியாபாரம் நடத்துகிறார்கள். 2 ரிப்பீட்டுக்கு 1 புதுசு. செலவைக் குறைக்க அவர்களே கண்டுபிடித்த வழி. ஆனால் கடைக்காரர் அசரவில்லை. வெள்ளிக்கிழமை புது சரம் வருதாம். அதில் வேறு படங்களாம்.