மீன்தொட்டியின் விரிப்பும் குழாய்மூட்டும் ஒழுகாமற் காத்தல்

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளுள் மூன்றாவதாகிய கன்னடியன் அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாயின் பாசனத்தில் அமைந்த ஊர் பத்தமடை. ஊரின் பெயரிலேயே மடை இருக்கிறது. கன்னட தேசத்து அந்தணர் ஒருவர் பசுவொன்றைப் பின்தொடர்ந்து, அது சென்ற வழியே கால்வாயும், அது நீர் விட்ட இடங்களில் மடைகளும், படுத்த இடங்களில் குளங்களும் அமைத்தார் என்பது அப்பக்கத்துக் கர்ணபரம்பரை. கதை எவ்வாறாயினும், அக்கால்வாயை நம்பிப் பயிரிடும் குடியானவர் யாவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. தண்ணீரைக் கொண்டுவருவது பாதி வேலை. அது வேண்டாத இடத்தில் வெளியேறாமற் காப்பது மறு பாதி. வயலுக்கு உரிய இந்த விதி, வீட்டுக் கொல்லையில் மீனும் காய்கறியும் சேர்த்து வளர்ப்போருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

மீன் வளரும் தொட்டியின் தண்ணீரைச் சிறு மோட்டாரால் ஏற்றி, சரளைக்கல் நிரப்பிய பாத்தியில் பாய்ச்சி, அங்கே தெளிந்த நீரை மறுபடியும் தொட்டிக்கே விடுவது இம்முறையின் சாரம். மீனின் கழிவிலுள்ள அம்மோனியாவை, கல்லின்மேல் படிந்து வாழும் நுண்ணுயிர்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் பயிருக்கு உணவாகிறது. மீனுக்குச் சுத்தமான நீர் கிடைக்கிறது. 1980-க்குப் பின் கரீபியன் கடலிலுள்ள வர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ராக்கோசி என்னும் ஆராய்ச்சியாளர் இதனை நெடுங்காலம் சோதித்து ஒழுங்குபடுத்தினார். ஒரே தண்ணீர் திரும்பத் திரும்பப் பயன்படுவதால், கார் சாகுபடிக்கு முன் கால்வாயில் நீர் வற்றியிருக்கும் சித்திரை வைகாசியிலும் கீரை, கத்தரி, வெண்டை முதலியவற்றை வீட்டளவில் விளைவிக்க இது உதவும். ஆனால் இந்த நன்மை முழுவதும் ஒழுக்கில்லாத தொட்டியையும் இறுகிய மூட்டையுமே பொறுத்தது.

ஒழுக்கினால் வரும் கேடு

நீளம் 10 அடி, அகலம் 6 அடி, ஆழம் 3 அடி உள்ள தொட்டி சுமார் 5,000 லிட்டர் கொள்ளும். அதில் நீர்மட்டம் 1 அங்குலம் தாழ்ந்தால் 5 கன அடி, அதாவது ஏறக்குறைய 140 லிட்டர் போயிற்று என்று பொருள். குழாய்மூட்டிலிருந்து வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தாலும் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கு மேல் வீணாகும். நீர் நஷ்டம் மட்டுமே கேடன்று. இரவில் தொட்டி பாதியாக வற்றிவிட்டால், அதே எண்ணிக்கையுள்ள மீன்கள் பாதித் தண்ணீரில் நெருங்கி நிற்கும், பிராணவாயு குறையும், விடியற்காலையில் அவை மேல்மட்டத்தில் வாய் திறந்து தவிக்கும். மோட்டார் நீரின்றி ஓடிக் கருகும். பாத்தி உலர்ந்தால் நுண்ணுயிர்கள் மடிந்து, பின்னர் தண்ணீர் நிரப்பினாலும் அம்மோனியா கட்டுக்கடங்காது. ஆறு மாத உழைப்பை ஓர் இரவில் அழிக்க, விரற்கடை அளவுள்ள கிழிசல் போதும்.

ஒழுக்கைக் கண்டறிதல்

மட்டம் குறைந்ததைக் கண்டவுடன் விரிப்பைப் பிரிக்கத் தொடங்குதல் தவறு. வெயிலாலும் காற்றாலும் ஆவியாவது எவ்வளவு என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, தொட்டிக்கு அருகே அதே வெயில் படும்படி வைத்து, வாளியிலும் தொட்டியிலும் மட்டத்தைக் குறியிடுக. ஒரு பகலும் ஓர் இரவும் கழித்துப் பார்க்கையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தாழ்ந்திருந்தால் ஒழுக்கு இல்லை. தொட்டி மட்டும் அதிகம் தாழ்ந்திருந்தால் ஒழுக்கு உண்டு. செடிகள் குடிக்கும் நீரும் இந்தக் கணக்கில் சேருமாதலால், பாத்தியில் பயிர் அடர்ந்திருக்கும் காலத்தில் சிறு வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

அடுத்து, மோட்டாரை நிறுத்தி, காற்றுக்குழலை மட்டும் ஓடவிட்டுச் சில மணி நேரம் காக்க வேண்டும். மட்டம் தாழ்வது நின்றுவிட்டால் குற்றம் குழாயிலோ பாத்தியிலோ இருக்கிறது. தொடர்ந்து தாழ்ந்தால் குற்றம் தொட்டியின் விரிப்பில் இருக்கிறது. விரிப்பில் எனத் தெரிந்தால், மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு நீரைத் தானே தாழ விடுக. எந்த உயரத்தில் அது நிற்கிறதோ, அந்த உயரத்தைச் சுற்றியே துவாரம் இருக்கும். அசையாத நீரில் ஐயமுள்ள இடத்தருகே, ஊசி நீக்கிய சிரிஞ்சினால் சில சொட்டுப் பாலை மெதுவாக விட்டால், வெண்மையான இழை துவாரத்தை நோக்கி இழுபடுவதைக் கண்ணாற் காணலாம்.

ஒழுக்கைப் போலத் தோன்றுபவை

மூன்று செயல்கள் ஒழுக்கெனத் தோன்றி ஏமாற்றும். ஒன்று, விரிப்பின் ஓரம் ஓரிடத்தில் தாழ்ந்து, அதன்மேல் படிந்த புல்லோ துணியோ திரிபோல் நீரை உறிஞ்சி வெளியே சொட்டவிடுதல். இரண்டு, பாத்தியின் வடிகாலை வேர் அடைத்து, மேலே வழிதல். வடிகுழாய் எப்போதும் வரவுக்குழாயைவிட ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும். வேர் புகாதபடி அதனைச் சுற்றிச் சல்லடைக்குழாய் ஒன்றை நிறுத்த வேண்டும். மூன்று, மின்சாரம் நின்றவுடன் மேலே ஏறிய நீர் குழாய் வழியே பின்னோக்கி உறிஞ்சப்பட்டு இறங்குதல். ஏற்றுக்குழாயின் வாய் பாத்தி நீரில் அமிழ்ந்திருந்தால் பாத்தி முழுவதும் வற்றித் தாழ்ந்த தொட்டி வழியும். ஏற்றுக்குழாயில் நீர்மட்டத்துக்கு மேலே சிறு துளை ஒன்றிட்டால் காற்றுப் புகுந்து இவ்விழுப்பு அறுபடும்.

விரிப்பு கெடும் காரணங்கள்

விரிப்பின் அடியிலுள்ள கூர்ங்கல், வேர், எலி, நண்டு ஆகியவை துளையிடும். நீருக்கு வெளியே நிற்கும் ஓரம் வெயிலால் நொறுங்கும். மூலைகளில் இழுத்துக் கட்டினால் நீரின் பாரம் ஏறியவுடன் மடிப்பில் பிளக்கும். ஆகவே, குழியைத் தட்டிச் சமன் செய்து, சலித்த மணலை 2 அங்குல கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் கழுவிய பிளாஸ்டிக் சாக்குகளை விரித்தே விரிப்பை இட வேண்டும். பத்தமடைப் பக்கத்தில் கிழிந்த கோரைப்பாய் எளிதிற் கிடைப்பதால் அதனை அடியில் விரிக்கத் தோன்றலாம், அது கூடாது. கோரை ஈரத்தில் மக்கிக் கறையானை வரவழைப்பதோடு, மக்கும்போது உண்டாகும் வாயு விரிப்பை அடியிலிருந்து பொம்மவும் செய்யும். அப்பாயை ஓரத்தின்மேல் நிழலுக்காகப் போர்த்துவது நன்று. விரிப்பை மூலைகளில் தளர்வாக மடித்துவிட்டு, தண்ணீர் நிரம்பியபின் ஓரத்தைக் கட்டுதல் முறை.

விரிப்பை ஒட்டுதல்

எல்லா விரிப்பும் ஒரே பசைக்கு இணங்குவதில்லை. பாலித்தீன் விரிப்பிலும், நெய்து இருபுறமும் பூசிய தார்ப்பாய் வகைகளிலும் சாதாரணப் பசை எதுவும் நிலைத்து நிற்காது. அவற்றை வெப்பக்காற்றுக் கருவியால் உருக்கி இணைக்க வேண்டும். அல்லது அவற்றுக்கென்றே விற்கும் பியூட்டைல் நாடாவால் ஒட்ட வேண்டும். பி.வி.சி. விரிப்பை அதே இனத் துண்டும் வினைல் பசையும் கொண்டு ஒட்டலாம். ரப்பர் விரிப்புக்கு அதற்குரிய பூச்சும் நாடாவும் தேவை. சைக்கிள் டியூபுக்கு உபயோகிக்கும் ஒட்டு அதில் நெடுநாள் நிற்பதில்லை.

எவ்வகையாயினும் முறை ஒன்றே. கிழிசலைச் சுற்றி ஒரு முழ அகலம் பாசியும் வழுவழுப்பும் நீங்கக் கழுவித் துடைத்து உலர்த்துக. ஒட்டுத்துண்டு கிழிசலைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 அங்குலம் மிகுந்திருக்க வேண்டும். அதன் மூலைகளை வட்டமாக வெட்டுக. கூர்மூலை முதலில் பெயரும். நீரின் பாரம் ஒட்டை அழுத்தும்படி, துண்டை உட்புறத்தில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தேய்த்துக் காற்றை வெளியேற்றுக. ஒரே விரிப்பில் மூன்று நான்கு இடங்களில் நொறுங்கத் தொடங்கினால் அது வெயிலால் முதிர்ந்துவிட்டது என்று அறிந்து புதிதாக மாற்றுவதே சிக்கனம்.

குழாய்மூட்டுகள்

பசையிட்ட பி.வி.சி. மூட்டு ஒழுகினால், மேலே பசையைப் பூசி நிறுத்த முயல்வது வீண். அப்பசை இரு பகுதிகளின் மேற்பரப்பையும் இளக்கி ஒன்றாக்குவதாகும். நனைந்த இடத்தில் அதற்கு வேலையில்லை. மூட்டை இருபுறமும் அறுத்தெடுத்து, புதுத் துண்டையும் இரண்டு கப்ளிங்குகளையும் இட வேண்டும். குழாயை நேராக அறுத்து, பிசிறை நீக்கி, பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்த்து, உலர்ந்த துணியால் துடைத்து, குழாயின் வெளிப்புறத்திலும் மூட்டின் உட்புறத்திலும் பசை தடவி, கால் சுற்றுத் திருகியவாறு உட்செலுத்தி, அரை நிமிஷம் பிடித்திருக்க வேண்டும். ஒரு நாள் உலர்ந்தபின்னரே நீர் விடுக. முதலில் ஓடும் நீரை மீன்தொட்டிக்கு விடாமல் வெளியே கழித்துவிடுதல் அவசியம். அடிக்கடி கழற்ற நேரும் இடங்களில் யூனியன் ஒன்றை முன்னதாகவே அமைத்துவிட்டால், அடுத்த முறை ரம்பம் எடுக்க வேண்டியிராது.

மரையுள்ள மூட்டில் டெஃப்லான் நாடாவை, மரை ஏறும் திசையிலேயே நான்கு அல்லது ஐந்து சுற்று இறுகச் சுற்றுக. எதிர்த்திசையில் சுற்றிய நாடா திருகும்போது அவிழ்ந்துபோகும். கையால் இறுகுமட்டும் முறுக்கி, பின்னர் கருவியால் ஒரு சுற்றுக்கு மேற்படாமல் இறுக்குதல் போதும். ஒழுக்கை நிறுத்த மேன்மேலும் முறுக்குவதால் பிளாஸ்டிக் மரை வெடித்து, சொட்டாக இருந்தது ஓட்டமாகும்.

தொட்டிச் சுவரைத் துளைத்து வைக்கும் டேங்க் நிப்பிளே மிகுதியும் தொல்லை தருவது. துளை வட்டமாகவும் பிசிறின்றியும் இருக்க வேண்டும். விரிப்புள்ள தொட்டியில், விரிப்பு இரண்டு ரப்பர் வாஷர்களுக்கு நடுவே சுருக்கமின்றி அகப்பட வேண்டும். வாஷர் கடினமாகி வெடித்திருந்தால் மாற்றுக. கூடியவரையில் நீர்மட்டத்துக்குக் கீழே துளையிடாமல், குழாயை விளிம்பின் மேலாகவே கொண்டுசெல்வது உத்தமம். துளையிடாத சுவர் ஒழுகுவதில்லை.

விலக்க வேண்டியவை

பழைய வழக்கப்படி சணலும் செவ்வீயமும் பூசி மூட்டை அடைத்தல், தார் ஊற்றுதல் ஆகியவை மீனுக்கு நஞ்சு. செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய இரும்பு ஆகிய இணைப்புகளும் சுற்றும் நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து மீனைக் கெடுக்கும். பூசணத் தடுப்பு மருந்து கலந்த சிலிகோன் பசையை விலக்கி, கண்ணாடி மீன்தொட்டிகளுக்கென விற்பதையே வாங்குக. அதுவும் பாலித்தீனில் ஒட்டாது. சிமெண்டுத் தொட்டியின் வெடிப்பைச் சிமெண்டால் அடைத்தால், அதன் சுண்ணாம்பு நீரைக் காரமாக்கும். பலமுறை நீர் நிரப்பி இறைத்து, சோதனைத்தாளில் காரம் தணிந்ததைக் கண்ட பின்னரே மீனை விடுக.

பழுதுபார்த்த பின்

குறைந்த நீரை ஒரேயடியாக நிரப்பலாகாது. ஒரு முறைக்குக் கால்பங்குக்கு மேற்படாமல், தொட்டி நீரின் வெப்பத்தை ஒத்த நீரையே விட வேண்டும். குளோரின் கலந்த குடிநீராயின் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வெயிலில் வைத்திருந்து விடுக. பாத்தி உலர்ந்திருந்தால் இரண்டு வாரம் தீனியைக் குறைத்து, நுண்ணுயிர் மறுபடி பெருக அவகாசம் தருக.

அயலாரும் பொதுக் கால்வாயும்

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒழுகும் நீர் அண்டைவீட்டு மண்சுவரின் அடியில் ஊறிச் சுவரைச் சாய்க்கும், வழக்குக்கும் இடமாகும். தொட்டியைப் பொதுச்சுவரிலிருந்து விலக்கியே அமைக்கச் சொல்லுதல் நலம். வடிகுழாயைக் கால்வாயிலோ குளத்திலோ நேராக விடலாகாது. வளர்ப்புமீன் தப்பிச் சென்றால் தாமிரபரணிக்குரிய நாட்டுமீன்களுக்குக் கேடு நேரும். ஆப்பிரிக்கக் கெளுத்தி இந்தியாவில் வளர்க்கத் தடை செய்யப்பட்டது; திலேப்பியாவுக்கு அரசின் அனுமதி வேண்டும். வடிகுழாயின் வாயில் நுண்ணிய வலை கட்டி, கழிவுநீரைத் தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சுக. மீனைப் பற்றிய ஐயங்களுக்குத் தூத்துக்குடியிலுள்ள மீன்வளக் கல்லூரியை அணுகலாம்.

மடையைக் காப்பவர் நாள்தோறும் ஒருமுறை கரைவழியே நடந்து பார்ப்பது போல, தொட்டியை வைத்திருப்போரும் காலையில் மட்டக்குறியையும், மாலையில் மூட்டுகளின் அடியிலுள்ள மண்ணையும் பார்த்துவரல் வேண்டும். உலர்ந்திருக்க வேண்டிய மண் நனைந்திருந்தால் அன்றே காரணம் தேடுக. ஒரு வாஷரும், ஒரு சுருள் நாடாவும், ஒரு முழ விரிப்புத் துண்டும் வீட்டில் முன்னதாகவே இருக்குமாயின், சிறு ஒழுக்கு பெருநஷ்டமாக வளராது.