பெரியப்பாவை மூணு பேர் சொன்னாங்க!

போன வருஷம் பெரியப்பாவின் கருமாதிக்குத் திருமுக்கூடல் போயிருந்தேன். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற ஊர். அவை கரை புரண்டு ஓடியதைப் பெரியப்பா வாயால் கேட்டிருக்கிறேன். நான் பார்த்தது பெரும்பாலும் மணல்தான்!

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது பேச்சு கிளம்பியது.

"அந்த மனுஷன் வாயைத் தொறந்து நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லடா" என்றார் பெரியம்மா.

"அண்ணனா? பேச ஆரம்பிச்சா கடை சாத்துற வரைக்கும் நிறுத்த மாட்டாரு தம்பி" என்றார் மளிகைக் கடைக் கூட்டாளி.

பெரியப்பா பையன், எனக்கு அண்ணன், ஒரே வரியில் முடித்தான்: "ரெண்டு ஏக்கரா நிலத்தை வித்து எங்க விட்டாருன்னு கடைசி வரைக்கும் சொல்லல!"

மூன்று பேரும் சொன்னது ஒரே ஆளைத்தானா?

நான் பி.காம். பற்றும் வரவும் டேலி ஆகாவிட்டால் ராத்திரி தூக்கம் வராத ஜாதி. நாவலையும் அப்படித்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஹீரோ நல்லவன், வில்லன் கெட்டவன், கடைசி அத்தியாயத்தில் கணக்கு நேர். அந்தப் பழக்கத்தைக் கெடுத்தது அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்'.

1960களின் கடைசியில் எழுதிய நாவல். ஜெமினி ஸ்டூடியோவில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவர், அந்த உலகத்தையே எழுதினார். எடுத்துக்கொண்டிருக்கும் படம் நின்றுபோகிறது, கம்பெனி சரிகிறது. கதை இவ்வளவுதான். ஆனால் 'இவர்தான் கதாநாயகன்' என்று நீங்கள் யாரையும் கை காட்ட முடியாது. புரொடக்‌ஷன் மேனேஜர் நடராஜனோடு கிளம்புகிறோம். கொஞ்ச தூரத்தில் அவர் கையை விட்டுவிட்டு ராஜகோபால் பின்னால் போகிறோம். அப்புறம் முதலாளி ரெட்டியார். சிப்பந்திகளுக்கு அவர் முதலாளி. நடிகை வீட்டு வாசலில் போய் நிற்கும்போதோ, பணம் மாட்டிக்கொண்ட ஒரு வயசான மனுஷன். ரெட்டியார் எப்படிப்பட்டவர் என்று ஆசிரியர் ஒரு பாராவில் சொல்லிவிட்டால் நமக்கு வேலை மிச்சம். சொல்ல மாட்டேன் என்கிறாரே!

'18வது அட்சக்கோடு' (1977) நாவலில் இன்னொரு வேலை செய்தார். சந்திரசேகரனைப் பற்றி யாரோ சொல்வது போலப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று அவனே 'நான்' என்று ஆரம்பித்துவிடுவான். முதல் தடவை அச்சுப்பிழையோ என்று நினைத்தேன்.

வெளிநாட்டில் இதற்குப் பெரிய பேர் ஃபாக்னர். 1930-ல் வந்த ஒரு நாவலில் தாயின் பிணத்தை வண்டியில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் போகிறது. பதினைந்து பேர் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். செத்துப்போன அம்மாவுக்கும் ஒரு அத்தியாயம் உண்டு! ஜப்பானில் அகுதாகாவா 1922-லேயே ஒரு கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்ல வைத்துவிட்டார். அதை வைத்துத்தான் குரோசவா 1950-ல் 'ரஷோமான்' எடுத்தார். நமக்கு 'அந்த நாள்' (1954), 'விருமாண்டி' (2004) என்றால் சட்டென்று புரியும். என்ன, இந்த ரெண்டு படத்திலும் கடைசியில் கொலைகாரன் யார், பொய் சொன்னது யார் என்று தெரிந்துவிடும். நாவலில் அந்தச் சௌகரியம் கிடையாது.

கருமாதி அன்று சாயங்காலம் பெருமாள் கோயில் பக்கம் போனேன். வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, பதினோராம் நூற்றாண்டு. இங்கே பதினைந்து படுக்கையோடு ஆஸ்பத்திரி இருந்ததைச் சொல்கிறது. வைத்தியருக்கு இவ்வளவு, அறுவை செய்பவருக்கு இவ்வளவு, மூலிகை கொண்டுவருபவருக்கு இவ்வளவு என்று சம்பளக் கணக்கு. மருந்துகளின் பட்டியல் வேறு. எனக்குப் பிடித்த மாதிரி பக்கா கணக்கு! படுக்கையில் கிடந்தவன் என்ன சொன்னான் என்பதற்கு மட்டும் கல்லில் இடமில்லை.

பெரியப்பாவுக்கும் இடமில்லைதானே? மூணு பேர் பேசினார்கள். நாலாவது ஆள் நான். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த ரெண்டு ஏக்கராவில் ஒரு பங்கு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அப்பா போனபிறகு மூன்று வருஷம் என் காலேஜ் ஃபீஸ், மெஸ் பில், ரயில் பாஸ். "உங்க அண்ணனுக்குத் தெரிய வேணாம். அப்புறம் உன்னைப் பார்க்கிற பார்வையே மாறிடும்" என்று பாலாற்று மணலில் வைத்துச் சொன்னார் பெரியப்பா. அன்றைக்கு நிறையப் பேசினார். ஆகவே கடைக் கூட்டாளி சொன்னது பொய்யில்லை. பெரியம்மா சொன்னதும்தான்.

மறுநாள் காலை செங்கல்பட்டு போகப் பழைய சீவரம் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். வழியனுப்ப வந்த அண்ணனும், ஆபீசுக்கு அந்தப் பக்கம்தானே என்று கூடவே ஏறிக்கொண்டான். எதிர் சீட். கையிலிருந்த பேப்பரைப் பிரித்துக்கொண்டே, "நேத்து நீ ஒண்ணுமே பேசலியேடா?" என்றான்.

செங்கல்பட்டு வர இன்னும் நேரம் இருந்தது.

"அண்ணே... அந்த நிலம் இருக்கில்ல..." என்று ஆரம்பித்தேன்.