ஆறு வயதுக்கு மேல் ஒரு பிள்ளை

அத்தியாயம் 9

கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளை இல்லாத தம்பதிக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பேரிகைப் பக்கம் கிடைக்கும் முதல் யோசனை, “சொந்தத்துலயே ஒண்ணக் கேட்டு எடுத்து வளத்துக்குங்க” என்பதுதான். சொந்தம் இங்கே மாநில எல்லையோடு நிற்பதில்லை. அண்ணன் வீடு பாகலூரில் இருந்தால் அக்கா வீடு கர்நாடகத்தின் மாலூர்ப் பக்கம் இருக்கும். வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள், பள்ளிக்கூடத்தில் தமிழ்.

இரண்டாவது யோசனை காதோடு காதாக வரும். “ஆஸ்பத்திரியில தெரிஞ்ச ஆளு இருக்கு, கொஞ்சம் செலவாகும்.” அந்தச் செலவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் காட்டியது. ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவர் குழந்தைக்கு விலை பேசிய ஒலிப்பதிவு வெளியானது. கைதுகள் நடந்தன, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. குழந்தையை விற்பதும் வாங்குவதும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 81ஆம் பிரிவுப்படி 5 ஆண்டுவரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் பெற்றுத்தரும் குற்றம். ஆசையாய் வளர்த்த பிள்ளையைப் போலீஸ் வந்து தூக்கிக்கொண்டு போகும் நாளில், வாங்கியவர்கள் கையில் அதைத் தடுக்க ஒரு காகிதமும் இருக்காது.

மூன்றாவது யோசனையைச் சொல்ல ஊரில் ஆளில்லை. பெற்றவர்களிடம் இருக்க முடியாமல் அரசுப் பாதுகாப்பில் வளரும் ஒரு பிள்ளையை முதலில் வளர்ப்புப் பராமரிப்பில் வீட்டுக்கு அழைத்து வருவது. காலமும் சட்டமும் இடம் கொடுத்தால் பிறகு தத்தெடுப்பது.

இந்த வட்டாரத்துக்குத் தத்து என்றாலே தொட்டில்தான் நினைவுக்கு வரும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் தர்மபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிந்தது. கிருஷ்ணகிரி அப்போது தர்மபுரிக்குள்தான் இருந்தது. தனி மாவட்டமானது 2004இல். தத்து என்றால் கைக்குழந்தை என்ற எண்ணம் அப்படியே தங்கிவிட்டது.

ஆனால் கைக்குழந்தைக்கு நீண்ட வரிசை. நாடாளுமன்ற நிலைக்குழு 2022 ஆகஸ்டில் தந்த அறிக்கையின்படி, 2021 டிசம்பரில் மத்தியத் தத்துவள ஆணையமான காராவில் பதிந்து காத்திருந்தவர்கள் 27,939 பேர். 2017இல் ஓராண்டாக இருந்த காத்திருப்பு மூன்றாண்டாகியிருந்தது. அதே அறிக்கை, இல்லங்களில் 6,996 ஆதரவற்ற குழந்தைகள் இருந்தும் தத்துக் கொடுக்கச் சட்டப்படி விடுவிக்கப்பட்டவர்கள் 2,430 பேர்தான் என்றது. நடுவில் நிற்கும் பிள்ளைகளுக்கு வயது மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

பெற்றோர் உயிரோடிருந்தும் வளர்க்கும் நிலையில் இல்லாத பிள்ளைகள், ஒரு வருஷத்துக்கு மேல் யாருமே வந்து பார்க்காத பிள்ளைகள், வயது கூடியதால் யாரும் கேட்காத பிள்ளைகள். பெரும்பாலும் ஆறு வயதைத் தாண்டிய இவர்களுக்காகத்தான் வளர்ப்புப் பராமரிப்பு. 2024இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மாதிரி வழிகாட்டு நெறிகள் இரண்டு கதவுகளைத் திறந்தன. முன்பு தம்பதியர் மட்டுமே பிள்ளையை எடுத்துக்கொள்ளலாம். இப்போது தனியாக வாழ்பவரும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஆண் என்றால் ஆண் பிள்ளை மட்டும். முன்பு ஐந்தாண்டு வளர்த்த பிறகே தத்துக் கேட்கலாம். இப்போது இரண்டாண்டு போதும்.

இந்த இரண்டாண்டை, வரிசையில் நிற்காமல் உள்ளே நுழையும் வழியாக நினைத்து யாராவது வந்தால் அவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும். வளர்ப்புப் பராமரிப்பின் முதல் நோக்கம் பிள்ளை தன் சொந்தக் குடும்பத்துக்குத் திரும்புவது. சிறையிலிருந்தோ சிகிச்சையிலிருந்தோ தாய் மீண்டு வந்து, குழந்தைகள் நலக் குழுவும் சரி என்றால், இரண்டு தீபாவளி சேர்ந்து கொண்டாடிய பிள்ளையை அனுப்பித்தான் ஆகவேண்டும். அந்த நாளைத் தாங்க முடியுமா என்று கணவனும் மனைவியும் கிருஷ்ணகிரிக்கு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு, மனுவோடு போவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். பிள்ளையின் செலவுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. தாங்க முடியுமா என்ற கேள்விக்கு அந்தப் பணம் பதிலாகாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தத்தெடுத்தவர்களே ஐந்தாண்டுகளில் 1,100க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருப்பதாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது காரா 2019இல் தெரிவித்தது. வளர்ந்த பிள்ளைகளுக்கும் புது வீட்டுக்கும் ஒத்துப்போகாதது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. எட்டு வயதுப் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. அம்மா முகம் நினைவிருக்கும், அடி வாங்கியது நினைவிருக்கும். தட்டில் போட்ட சோற்றில் பாதியை நாளைக்கென்று ஒளித்துவைக்கும் பழக்கம்கூட இருக்கலாம். தமிழ் மட்டும் தெரிந்த பிள்ளை தெலுங்கு பேசும் வீட்டுக்கு வந்தால், பாட்டி அன்பாகச் சொல்வதும் அதட்டலாகவே கேட்கும். ஓசூர் சிப்காட்டில் இருவருமே ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், ராத்திரி ஷிப்ட் வாரத்தில் பிள்ளையோடு யார் இருப்பார்கள் என்பதை முடிவு செய்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

முடிவெடுப்பது பெரியவர்கள் மட்டும் அல்ல என்பது தத்து விதிகளில் மிக நல்ல பகுதி. ஐந்து வயது நிரம்பிய பிள்ளையைத் தத்தெடுக்க அந்தப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். “இங்கயே இருக்கியா?” என்ற கேள்விக்கு அது “மாட்டேன்” என்று சொல்லலாம். சரி என்றால், 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியரே தத்து ஆணை பிறப்பிப்பார்.

அதற்கெல்லாம் முன்பாக, ஒரு சமூகப் பணியாளர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அவர் என்ன கேட்பார், எதையெல்லாம் பார்ப்பார் என்பது அடுத்த வாரம்.