கூண்டு நாய்க்கும் ஒரு வேலை வேண்டும்

சென்ற தவணையில் ஒருநாள் விலங்கியற் பாடத்தின் நடுவே மாணவன் ஒருவன் எழுந்தான். "வீடிழந்த நாய்களைக் காக்கும் இல்லங்களில் அவற்றுக்கு விளையாட்டுச் சாமான்கள் வாங்கிப் போடுகிறார்களாம், சேர். சோற்றுக்கே வழியில்லாத உலகில் இஃது ஆடம்பரம் அல்லவா?" என்று வினவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் அவ்வினா எம்மை விட்டு அகலவில்லை. எமது வீட்டு முற்றத்தில் அப்பொழுது நின்ற வீமனே அதற்குக் காரணம்.

வீமன் நாம் குட்டியிலிருந்து வளர்த்த நாயன்று. அயல்வீட்டார் குடும்பத்தோடு வெளிநாடு சென்றபொழுது எம்மிடம் ஒப்படைத்துப் போன நாய். முதல் மூன்று நாளும் அது சோற்றைத் தீண்டவில்லை. கட்டிய மாமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கயிறு மரத்தில் முற்றாகச் சுற்றியதும் மறுபுறமாகச் சுற்றத் தொடங்கியது. நான்காம் நாள் உண்டது. சுற்றுவதை மாத்திரம் விடவில்லை. "பழைய எசமானைத் தேடுகிறது" என்றனர் கண்டவர்கள். அஃது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் மைக்கல் ஹெனசி என்பாரும் அவர்தம் துணைவரும் காப்பக நாய்களின் இரத்தத்தை ஆராய்ந்து 1997இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நெருக்கடி வேளையில் உடலிற் பெருகும் கோட்டிசோல் என்னும் சுரப்பு, காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாளிலும், அங்கே நெடுநாள் தங்கிய நாய்களிற் காணப்பட்டதிலும் மிகுதியாக இருந்தது. வியப்பென்ன? அறியாத மணம், ஓயாத குரைப்பு, முகந்தெரியாத மனிதர், இவற்றுள் ஒன்றையேனும் மாற்றுதற்குத் தன்னால் இயலாமை. உண்பதும் உறங்குவதும் பிறர் வகுத்த நேரத்தில் நடக்க, நாய்க்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அது குரைக்கின்றது, வட்டமிடுகின்றது, கம்பியைக் கடிக்கின்றது.

அதனால் வருங் கேடு பெரிது. 1860இல் மேரி ரீல்பி என்னும் அம்மையார் இலண்டன் நகரின் ஹொலோவேப் பகுதியில் தொடங்கி, 1871இல் பற்றர்சீக்கு மாற்றப்பட்ட புகழ்பெற்ற நாயில்லத்திலேயே, ஏற்பாரற்ற நாய்கள் பல அக்காலத்திற் கொல்லப்பட்டன. இன்றும் பல நாடுகளில் இடநெருக்கடி மிகுந்த காப்பகங்களில் அதுவே நிகழ்கின்றது. நாய் தேடி வருவோர் கூண்டுகளின் முன்னே சில கணங்களே நிற்பர். அமைதியாக முன்வந்து நிற்கும் நாயைக் கொண்டு செல்வர். வெறிகொண்டதுபோல் வட்டமிடுவதைக் கடந்து போவர். ஆகவே, மனம் அலைக்கழிந்த நாய்க்கு அந்த அலைக்கழிவே எமனாகவும் முடியலாம்.

இதற்கு மாற்றாக வந்த பொருள்களுள் ஒன்றின் கதை சுவையானது. கொலறாடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவரிடம் பிரிற்ஸ் என்றொரு நாய் இருந்தது. பொலிஸ் சேவையிலிருந்து ஓய்வுபெற்ற நாய். வேலையற்ற அந்நாய் கற்களைக் கடித்துப் பற்களைக் கெடுத்துக்கொண்டது. மார்க்கம் ஒருநாள் தமது வொல்க்ஸ்வாகன் வானைப் பழுதுபார்க்கையில் கழற்றி எறிந்த இறப்பர்த் துண்டொன்றை அது விடாது பற்றிக்கொண்டது. அத்துண்டின் சாயலிலே, நடுவில் வெற்றிடமுள்ளதாக, 'கொங்' என்னும் இறப்பர்ச் சாமான் 1976இல் வணிகப் பொருளாகியது. அதன் உள்ளே உணவை அடைத்துக் கொடுத்தால் நாய் நக்கியும் உருட்டியும் கடித்தும் அதனை வெளியே எடுக்கவேண்டும். ஒரு நிமிடத்தில் விழுங்கும் உணவுக்கு நெடுநேரம் பாடுபடுகின்றது. உணவடைத்த இத்தகைய சாமான்களைக் கொடுத்து ஒல்லாந்து ஆராய்ச்சியாளர் சிலர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கூடத்து நாய்களின் சுறுசுறுப்பு மிகுந்தது, குரைப்பு குறைந்தது.

உணவுக்காகப் பாடுபடுதல் துன்பமன்றோ என்று கேட்கலாம். 1963இல் ஜென்சன் என்னும் உளவியலாளர், எலிகளுக்கு முன்னே ஒரு தட்டில் உணவையும், அழுத்தினால் உணவு தரும் ஒரு நெம்பையும் வைத்தார். தட்டு நிறைந்திருந்தும் எலிகள் நெம்பை அழுத்தி உழைத்தே பெரும்பாலும் உண்டன. புறா முதலியனவும் இவ்வாறே செய்வதைப் பின்வந்தோர் கண்டனர். வீட்டுப் பூனை மாத்திரம் விதிவிலக்கு. இனாமாகக் கிடைப்பதை உண்டுவிட்டுப் படுத்துக்கொள்ளுகின்றது. பூனை வளர்ப்போர்க்கு இது புதுச் செய்தியன்று.

பெல்பாஸ்ட் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபோரா வெல்ஸ் அம்மையார் இத்துறையிற் பல்லாண்டு உழைத்தவர். 2004இல் அவர் வெளியிட்ட ஆய்வில் ஐவகைச் சாமான்கள் நாய்களுக்குக் கொடுக்கப்பட்டன. வெறும் பந்தினை அவை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. கடிக்கத்தக்கதையே மிகவும் விரும்பின. எதிலும் நாளடைவில் ஆர்வம் தணிந்தது. ஆகவே, சாமான்களை மாற்றி மாற்றிக் கொடுத்தல் வேண்டும். இன்னொன்றும் அவரும் துணைவரும் முன்னரே, 1992இல், கண்டனர்: கூண்டில் ஒரு விளையாட்டுப் பொருள் கிடந்தால், நாய் அதனைத் தொடாவிடினும், பார்ப்போர்க்கு அந்நாயின்மேல் விருப்பம் மிகுகின்றது! இப்பொருள் நாயைத் தேற்றுகின்றதோ இல்லையோ, மனிதரை இளக்குகின்றது. நமக்கு இது சிறிது நாணத்தையும் தருகின்றது.

இசையும் ஆராயப்பட்டது. 2002இல் வெளிவந்த ஆய்வில் ஐம்பது நாய்களுக்கு மேலைச் செவ்வியல் இசை, பொப் இசை, 'ஹெவி மெற்றல்' என்னும் ஆரவார இசை, மனிதர் பேச்சு ஆகியன கேட்பிக்கப்பட்டன. செவ்வியல் இசையில் நாய்கள் அமைதியாகப் படுத்தன. ஆரவார இசையில் மிகுதியாகக் குரைத்தன. கிளாஸ்கோவில் நடந்த பிந்திய ஆய்வொன்றோ, ஒரே இசையைத் தொடர்ந்து கேட்டால் அப்பயனும் விரைவில் மங்குகின்றதென்று காட்டியது. நாயும் சலிப்படையும் பிராணியே.

இவற்றைக் கொண்டு இறப்பர்த் துண்டு எல்லாத் துயரையும் தீர்க்கும் என்று எண்ணுதல் பேதைமை. மனிதர் அருகிருந்து தடவிக் கொடுத்தலுக்கு அது ஈடாகாது. பல நாய்கள் ஒன்றாக அடைபட்டிருக்கும் கூண்டில் உணவடைத்த சாமானை எறிந்தால் சண்டையே மூளும். தனித்தனியே கொடுத்தல் வேண்டும். உள்ளே அடைப்பதிலும் எச்சரிக்கை தேவை. வெங்காயம், சொக்கிலேற், முந்திரிகை வற்றல் ஆகியன நாய்க்கு நஞ்சு. வேகவைத்த எலும்பு சிம்பாகி வயிற்றைக் கிழிக்கும். விழுங்கத்தக்க சிறு பொருளும் ஆகாது.

எமது வீட்டில் 'கொங்' இல்லை. பழைய துவாய் ஒன்றை விரித்து, முள் நீக்கிய மீனுடன் பிசைந்த சோற்று உருண்டைகளை அதில் இட்டு, சுருட்டித் தளர்வாக முடிந்து வீமன்முன் வைத்தோம். முதல்நாள் அதனை மோந்துவிட்டு எம்மைப் பார்த்தது. நாமே ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டினோம். இரண்டாம் நாள் தானே அவிழ்த்தது. பின்னர் கயிற்றையும் நீக்கி, மாலையிற் சில உருண்டைகளை வேலியோரத்தில் மறைத்து வைத்தோம். மூக்கை நிலத்தில் ஊன்றியபடி வளவு முழுவதும் தேடித் திரிந்தது. மாமரத்தைச் சுற்றுவது முதலிற் குறைந்தது. ஒரு மாதத்தின் பின்னர் இடி முழங்கும் நாட்களில் மாத்திரமே அதனைக் கண்டோம்.

வினாவிய மாணவனை ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்து இதனைக் காட்டினோம். அவன் நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, அடுத்த முடிச்சைத் தானே போடலாமா என்று கேட்டான். அவன் போட்ட முடிச்சு மிக இறுகிவிட்டது. வீமன் சற்று முயன்றபின் துவாயைக் கவ்விக்கொண்டு வந்து அவன் காலடியில் வைத்தது.