தீவகத்துப் பெண்களின் நெடும்பெயர்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே, ஊர்காவற்றுறையைத் தன் கரையில் கொண்ட வேலணைத் தீவு தொடங்கிப் புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு என நெடுந்தீவு வரை பரந்து கிடக்கும் தீவகத்தில், பாட்டிமார் தலைமுறையைச் சேர்ந்த பெண்களின் பெயர்கள் இன்றைய செவிக்கு மிக நீண்டவையாகத் தோன்றலாம். நாகபூஷணி, இராஜராஜேஸ்வரி, சௌந்தராம்பிகை, சிவகாமசுந்தரி, அகிலாண்டேஸ்வரி என வரும் அப்பெயர்கள் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சொற்கள் புணர்ந்து உருவானவை. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், எந்தக் கோயிலை நம்பி, எந்தக் கடலைக் கடந்து அந்த மக்கள் வாழ்ந்தார்கள் என்பது தெரியவரும்.

இவற்றுள் தீவகத்துக்கே உரிமையுடையது நாகபூஷணி என்னும் பெயர். நாகத்தைப் பூஷணமாக, அதாவது அணிகலனாகப் பூண்டவள் என்பது இதன் பொருள். புளியந்தீவிலிருந்து பூவை வாயில் கவ்விக்கொண்டு கடலை நீந்தி அம்பாளை வழிபட வந்த நாகத்தைக் கருடன் வழிமறித்ததாகவும், அவ்வழியே மரக்கலத்தில் வந்த மாநாய்கன் என்னும் வணிகன் இடைபுகுந்து அதைக் காத்ததாகவும் நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில் மரபு கூறுகிறது. அந்நிகழ்வின் அடையாளங்களாகப் பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் இன்றும் காட்டப்படுகின்றன. பிள்ளை வரம் வேண்டி இங்கு நேர்ந்துகொள்ளும் பெற்றோர், வேண்டுதல் பலித்தபின் அம்பாளின் பெயரையே குழந்தைக்கு இடுவது வழக்கமாதலால், நாகபூஷணியோடு நாகேஸ்வரி, நாகம்மா, நாகரத்தினம் ஆகிய பெயர்களும் தீவகமெங்கும் பரவின.

நயினாதீவின் பெயர்ச்செல்வம் இதனினும் பழமையானது. மணிமேகலைக் காப்பியம் கூறும் மணிபல்லவம் இத்தீவே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். காப்பியத் தலைவிக்கு மணிமேகலை என்று பெயர் வந்ததே, அவள் தந்தை கோவலனின் முன்னோருள் கடலில் கலம் உடைந்து தவித்த ஒருவனைக் காத்த மணிமேகலா தெய்வத்தின் நினைவாகத்தான். மணி பதித்த இடையணி என்பது அப்பெயரின் நேர்ப்பொருளாயினும், கடலோடும் குடும்பம் ஒன்றின் நன்றிக்கடனே அதனுள் பொதிந்திருக்கிறது. நாகநாட்டு அரசன் வளைவணனின் மனைவி வாசமயிலை, மகள் பீலிவளை என அக்காப்பியம் தரும் பெயர்கள் வேறு எங்கும் எளிதில் காணக் கிடைக்காதவை. பீலி என்பது மயிற்றோகை. வளை என்பது கையணி. சோழன் நெடுமுடிக்கிள்ளிக்குத் தான் பெற்ற மகனை மணிபல்லவத்திலிருந்து கம்பளச்செட்டியின் கலத்தில் பீலிவளை அனுப்ப, அக்கலம் கவிழ்ந்தது. துயருற்ற அரசன் இந்திர விழாவை மறந்தான். அதனால் காவிரிப்பூம்பட்டினமே கடல்வாய்ப்பட்டது என்று காப்பியம் கதையை நடத்துகிறது. மணிபல்லவத்துப் புத்த பீடிகையைக் காத்துநின்று, அமுதசுரபி கிடைக்கும் பொய்கையை மணிமேகலைக்குக் காட்டிய காவல்தெய்வத்தின் பெயர் தீவதிலகை. தீவின் திலகம் போன்றவள் என விரியும் இப்பெயரைப் போலத் தீவகத்துப் பெண்குழந்தை ஒன்றுக்குப் பொருந்தும் பெயரைத் தமிழில் காண்பது அரிது.

ஈஸ்வரி என முடியும் பெயர்களின் நீளத்துக்கு வடமொழிப் புணர்ச்சியும் ஒரு காரணம். முன்சொல்லின் இறுதி அகரமோ ஆகாரமோ ஈகாரத்தோடு சேர்ந்து ஏகாரமாகத் திரிவதைக் குணசந்தி என்பர். அவ்வாறே புவனமும் ஈஸ்வரியும் கூடி உலகை ஆள்பவள் எனப் பொருள்படும் புவனேஸ்வரி ஆயிற்று. ஈழத்துச் சிதம்பரம் எனப் போற்றப்படும் காரைநகர்ச் சிவன் கோயிலில் சுந்தரேஸ்வரரோடு உறையும் அம்பிகையின் பெயர் சௌந்தராம்பிகை, அதாவது அழகே வடிவான அன்னை. சிவகாமசுந்தரி, தில்லைநாயகி ஆகிய பெயர்களோ நேரே சிதம்பரத்தைச் சுட்டுவன. பாய்மரத் தோணிகள் சென்றுவந்த எதிர்க்கரையான வேதாரணியத்தில் அம்மனுக்கு யாழைப்பழித்த மொழியாள் என்று பெயர். யாழிசையும் தோற்கும் இன்சொல்லுடையவள் என்று ஒரு முழு வாக்கியமே அங்கு பெயராகி நிற்கிறது. பிற்காலத்து யாழ்மொழி என்னும் பெயர் அதே கருத்தைச் சுருக்கித் தருகிறது.

கோயிலில் நேர்ந்த மாற்றம் பெயரிலும் தடம் பதித்தது. கண்ணகை வழிபாடு யாழ்ப்பாணத்தில் ஆழ வேரூன்றியிருந்தது. சைவ ஆகம நெறியை வலியுறுத்திய ஆறுமுக நாவலர் (1822–1879) அதைக் கடுமையாக மறுத்தார். பின்னர்க் கண்ணகை கோயில்கள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி ஆகிய பெயர்களை ஏற்றன. புங்குடுதீவில் கண்ணகை அம்மன் கோயில் என ஊரார் வழங்கும் கோயிலின் அம்பாளுக்கும் இராஜராஜேஸ்வரி என்பதே பெயர். அரசர்க்கரசனின் தலைவி என்னும் பெருமிதம் அப்பெயரில் உண்டு எனினும், கண்ணகை என்ற எளிய தமிழ்ப்பெயர் அருகிப்போனது இழப்பே.

ஊர்காவற்றுறைப் பகுதியின் கத்தோலிக்கக் குடும்பங்களில் அந்தோனியம்மா, திரேசம்மா எனப் புனிதர் பெயரோடு அம்மா சேர்ந்தது. 1858இல் பிரான்சின் லூர்திலும் 1917இல் போர்த்துக்கலின் பற்றிமாவிலும் மாதா காட்சி தந்தார் என்ற நம்பிக்கை பரவியபின், அவ்வூர்ப் பெயர்களும் மேரியோடு சேர்ந்து பெண்பெயர்களாயின.

பெயர் எத்தனை நீண்டதாயினும் வீட்டில் வழங்குவது குறுகியதே. பரமேஸ்வரி பரமேஸ் ஆவாள். அன்னபூரணி ஒரு வீட்டில் அன்னம், மறுவீட்டில் பூரணம். அண்மைத் தலைமுறைகளில் பெயரிடுவதில் சாதகம் முதன்மை பெற்றது: 27 நட்சத்திரங்களுக்கும் நான்கு பாதங்கள் வீதம் 108 எழுத்தொலிகள் வகுக்கப்பட்டிருத்தலால், பரணியில் பிறந்த குழந்தைக்கு லி, லு, லே, லோ ஆகியவற்றுள் பாதத்துக்குரிய ஒலியில் தொடங்கும் பெயர் தேடப்படுகிறது. லோகேஸ்வரி போன்ற பழம்பெயர் இவ்விதிக்கு எளிதில் இணங்க, வேறு சில ஒலிகளுக்கு வழக்கிலுள்ள பெயர் கிடைக்காதபோது பொருளற்ற புதுப்பெயர்கள் புனையப்படுகின்றன.

தந்தையின் பெயரும் முன்னால் நிற்பதால் நீளம் மேலும் கூடுகிறது. தமிழ் வழக்கில் குடும்பப்பெயர் இல்லை. மகளுக்குத் தந்தை பெயரும், மணமானபின் கணவன் பெயரும் சேரும். கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளில் குடியேறிய தீவக மக்களிடம் அலுவலகங்கள் குடும்பப்பெயர் கேட்டபோது, மனைவியும் மக்களும் குடும்பத்தலைவரின் பெயரை எழுத, அவர் மட்டும் தம் தந்தையின் பெயரை எழுதினார். ஒரே வீட்டில் இரு குடும்பப்பெயர்கள் அமைந்தன. கடவுச்சீட்டில் கருவி படிக்கும் முதல் வரியில் பெயருக்கு 39 இடங்களே உண்டு. தந்தை பெயர், கணவர் பெயர் இரண்டையும் சுமந்த இராஜராஜேஸ்வரி ஒருத்தியின் பெயர் ரோமன் எழுத்தில் அவ்வரியைத் தாண்டிவிடக்கூடும். அவ்வாறு தாண்டினால் எஞ்சிய எழுத்துகள் அங்கு வெட்டப்படும்.