கோல் அடித்தவருக்கு ஏன் இடமில்லை?

2023 ஆகஸ்ட் 12. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி இறுதியாட்டம். மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கிக் கிடந்த இந்தியா, கடைசியில் 4-3 என்று வென்றது. இந்தியாவின் முதல் கோலை அடித்தவர் ஜுக்ராஜ் சிங். 56-வது நிமிடத்தில் வெற்றி கோலை அடித்தவர் ஆகாஷ்தீப் சிங்.

அதே மாதம் ஹாங்சௌ ஆசிய விளையாட்டுக்கான 18 பேர் பட்டியல் வெளியானது. இருவர் பெயரும் அதில் இல்லை. லீக் சுற்றில் இதே மலேசியாவை 5-0 என வீழ்த்தியபோது முதல் கோலை அடித்த அரியலூர் கார்த்தி செல்வத்துக்கும் இடமில்லை.

கோப்பை வாங்கித் தந்தவர்களையே வெளியே நிறுத்துவதா? கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் அக்டோபர் 6 அன்று ஜப்பானை 5-1 என்று வென்று தங்கத்தையும் பாரிஸ் ஒலிம்பிக் இடத்தையும் கொண்டு வந்தார்கள். ஆனால் ஜெயித்ததால் மட்டும் தேர்வு சரியாகிவிடாது. தேர்வுக் குழு எதைப் பார்த்து ஆள் எடுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள பாரிஸ் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

2024 பாரிஸில் இந்தியா அடித்த மொத்த கோல்கள் 15. அவற்றில் 10 கேப்டன் ஹர்மன்பிரீத் சிங் அடித்தவை. அந்த ஒலிம்பிக்கில் அதிக கோல் அடித்தவரும் அவரே. அவரோ பின்கள ஆட்டக்காரர். பட்டியலில் ஐந்து முன்கள வீரர்கள் இருந்தார்கள். ஐவரும் சேர்ந்து அடித்தது நான்கு கோல். கோலை மட்டும் எண்ணினால் அவர்களில் பலரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். ஆனால் ஹர்மன்பிரீத் கோலாக்கும் பெனால்டி கார்னர் தானாகக் கிடைப்பதில்லை. எதிரணியின் வட்டத்துக்குள் பந்தோடு புகுந்து, தடுப்பவரைத் தவறு செய்ய வைத்து, அதை வாங்கித் தருவதில் பெரும்பங்கு முன்களத்தாருக்குத்தான். பந்தை இழந்த மறுநொடி எதிரணியின் பின்களத்தை நெருக்க வேண்டியவர்களும் அவர்களே. ‘முதலில் தடுப்பு, பிறகு வெற்றி’ என்ற பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டனின் திட்டத்தில், திரும்பி ஓடாத முன்கள வீரர் எத்தனை கோல் அடித்தாலும் பாரம்தான்.

கோல் கணக்கில் வராத வேலைக்கு ஒரே ஒரு உதாரணம் சொல்வதென்றால் அமித் ரோஹிதாஸைச் சொல்லலாம். எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால் கோல் கீப்பரோடு நான்கு பேர் மட்டுமே கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க முடியும். பந்து உள்ளே தள்ளப்பட்டதும் அந்த நால்வரில் ஒருவர், பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டி டிராக் ஃப்ளிக் அடிப்பவரை நோக்கி நேராகப் பாய்வார். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வரக்கூடிய பந்தின் பாதையில் முகமூடியும் முழங்கால் கவசமும் மாட்டிக்கொண்டு ஓடுவது அவர் வேலை. இந்தியாவுக்கு அதைச் செய்தவர் ரோஹிதாஸ். பாரிஸில் அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை.

பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் 17-வது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை. 40 நிமிடங்களுக்கு மேல் பத்துப் பேரோடு ஆடிய இந்தியா 1-1 என்று தாக்குப்பிடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என வென்றது. தடை காரணமாக அவர் ஆடாத அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றது. ஜெர்மனியின் முதல் கோல், கோன்சாலோ பெய்லாட் பெனால்டி கார்னரில் அடித்தது. ரோஹிதாஸ் இருந்திருந்தால் அது விழுந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்துக்கு அவருக்கு இணையாகப் பழகிய இன்னொருவர் அன்று இல்லை.

மறுபக்கமும் உண்டு. 2012 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் சந்தீப் சிங் 16 கோல் அடித்தார். பிரான்ஸை 8-1 என்று வென்ற இறுதியில் மட்டும் ஐந்து. அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆறு ஆட்டங்களிலும் தோற்று, 12 அணிகளில் 12-வதாக வந்தது. தகுதிப் போட்டியில் மலைபோல் குவியும் கோல் பெரிய மேடையில் காப்பாற்றும் என்று நம்பக் கூடாது என்பதை அந்த ஆண்டு கற்றுக்கொடுத்தது.

ஒலிம்பிக் பட்டியலில் 16 பேருக்கே இடம் என்பதால் நெருக்கடி இன்னும் கூடுகிறது. பாரிஸுக்கு ஸ்ரீஜேஷ் மட்டுமே கோல் கீப்பர். கிருஷண் பதக், ஜுக்ராஜ், நீலகண்ட சர்மா மூவரும் மாற்று வீரர்கள். இருக்கும் 16 பேரையும் ஆட்டம் முழுக்க மாற்றி மாற்றி இறக்கலாம். சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரி மீனவக் கிராமங்களில் பாடு முறை என்று ஒன்று உண்டு. இறால் நிறையப் படும் இடம் எந்நாளும் ஒருவருக்கே சொந்தமில்லை. முறை வைத்துத்தான் வலை போடுவார்கள். ஆனால் முறை வருவதற்குப் பாடு முறைப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஹாக்கியிலும் அப்படித்தான்: எவ்வளவு பெரிய கோல்காரரும் சில நிமிடங்களில் வெளியே வந்து அடுத்தவருக்கு வழிவிடுவார். அதனால் ஒரே வேலை தெரிந்தவரைவிட இரண்டு இடத்தில் ஆடத் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். டிராக் ஃப்ளிக் ஜுக்ராஜின் பலம். ஆனால் அதே வேலைக்கு ஹர்மன்பிரீத் அணியில் நிலையாக இருந்தார்.

பட்டியலுக்கு வெளியே இருப்பவர் குறைந்தவர் என்றும் அர்த்தமில்லை. டோக்கியோவுக்கு மாற்று வீரராகப் போனவர் சிம்ரன்ஜீத் சிங். அந்த ஒலிம்பிக்கில் மாற்று வீரர்களையும் இறக்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டதால் அவருக்குக் களமிறங்கும் வாய்ப்புக் கிடைத்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று ஜெர்மனியை 5-4 என்று வென்று 41 ஆண்டுக்குப் பிறகு இந்தியா பதக்கம் பெற்ற ஆட்டத்தில் இரண்டு கோல் அவருடையவை.

ஆக, கோலை மீறி ஆள் எடுப்பது தவறல்ல. காரணத்தைச் சொல்லாமல் எடுப்பதுதான் தவறு. 1998-ல் பாங்காக்கில் 32 ஆண்டுகளுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்று வந்த கேப்டன் தன்ராஜ் பிள்ளையையும் சக வீரர்கள் பலரையும் அடுத்த தொடருக்கு எடுக்கவில்லை. வீரர்களுக்கான பணத்தைப் பற்றிப் பேசியதற்குத் தண்டனை இது என்றே ரசிகர்கள் நம்பினார்கள். ‘ஓய்வு’ என்ற விளக்கம் எவரையும் சமாதானப்படுத்தவில்லை.

கோவில்பட்டி ஹாக்கி விடுதியிலிருந்து வந்த கார்த்தியும் மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை அணிந்தார்கள். அவர்களைப் பார்த்து மட்டை பிடித்த பையன்களுக்கு, பெயர் விடுபட்டது ஏன் என்று தெரிய வேண்டும். கோல் போதவில்லை என்றால் அதற்கு ஒரு பயிற்சி. பந்தை இழந்ததும் திரும்பி ஓடவில்லை என்றால் அதற்கு வேறு பயிற்சி. பட்டியல் வெளியாகும் நாளிலேயே காரணத்தை எழுதி வீரரிடமும் அவருடைய பயிற்சியாளரிடமும் கொடுத்தால், அடுத்த முகாமுக்குள் அந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.