சோளத்தட்டில் ஒரு சாயப்பட்டறை

திருப்பூர் ராயபுரத்தில் சாயம் என்றால் விலைக்கு வாங்கும் பொடி என்றே பொருள். அங்கிருந்து பல்லடம், காங்கேயம் பக்கம் சென்றால், தீவனத்திற்காகச் சோளம் விதைத்த மானாவாரிக் காடுகளைக் காணலாம். அச்சோளமும் சாயம் காய்ச்சுகிறது என்பதை நம் அங்கத்தினர்களுள் பலர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

பூச்சி கடித்த இடமும் பூஞ்சாணம் பற்றிய இடமும் சோள இலையில் கருஞ்சிவப்பாவதை விவசாயிகள் அறிவர். அந்நிறம் நோயன்று, காப்பு. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்து நிக்கல்சன் குழுவினர் 1987-லும் 1990-லும் வெளியிட்ட ஆய்வுகளில் இதனை விளக்கினர். பூஞ்சாணம் நுழைய முயலும் உயிரணுவுக்குள் இந்நிறப்பொருள் உருண்டைகளாய்த் திரண்டு, நுழையுமிடம் நோக்கி நகர்ந்து, உடைந்து, பூஞ்சாணத்தோடு அவ்வுயிரணுவையும் மாய்க்கிறது. ஊரைக் காக்க ஒரு வீட்டைக் கொடுக்கும் செயல் இது.

பஞ்சு பல கை மாறித் துணியாவதுபோல, இந்நிறமும் நொதிகள் பலவற்றின் கை மாறியே உருவாகிறது. பினைல் அலனைன் என்னும் அமினோ அமிலமே இங்கே பஞ்சு. முதல் நொதி அதினின்றும் அம்மோனியாவைப் பிரிக்கிறது. மேலும் இரு மாற்றங்களுக்குப் பின், சால்கோன் சிந்தேஸ் என்னும் நொதி மலோனைல் துண்டுகள் மூன்றை இணைத்துச் சால்கோனை உண்டாக்குகிறது. அடுத்தது அதனை வளைத்து மூடி நாரிஞ்செனின் ஆக்குகிறது. ஊதா மக்காச்சோளம் இவ்விடத்தில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து ஆந்தோசயனின் செய்யும். காயம்பட்ட சோள இலையோ அதனைச் சேர்க்காது வேறு வழி திரும்பி, அபிஜெனினிடின், லூட்டியோலினிடின் என்னும் நிறங்களைச் செய்கிறது. அந்த ஓர் ஆக்சிஜன் இல்லாமையே இவற்றுக்கு உறுதி தருகிறது. திருப்பத்தில் நிற்கும் நொதியின் மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர் 2016-ல் அறிவித்தனர். அது பழுதுபட்ட சோளம் காயத்தில் சிவக்காது, பழுப்பாகும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின், நைஜீரியா முதலிய நாடுகளில், இதற்கென்றே வளர்க்கும் சோளத்தின் இலையுறையைக் காரநீரில் ஊறவைத்துத் தோலுக்கும் துணிக்கும் சாயம் எடுக்கின்றனர், பாலாடைக்கட்டிக்கும்கூட!

நொய்யல் மாசினால் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடப் பணித்ததை நாம் மறக்கவில்லை. அதற்காகச் சோளச்சாயத்தை மாற்றுமருந்தென்று கூறத் துணியமாட்டேன். ஏற்றுமதிக்காரர் கேட்பது ஆயிரம் பனியனுக்கும் ஒரே நிறம்; செடியோ காட்டுக்குக் காடு வேறுபடும். பஞ்சில் நிறம் பிடிக்கப் படிகாரம் வேண்டும். அதன் கழிவும் நீரில்தான் கலக்கும். சிறு அளவில் நெய்யும் கைத்தறி அன்பர்கள் சோதித்துப் பார்க்கலாம். அறுத்த தட்டில் சிவந்த இலையுறைகளை மட்டும் உரித்துக்கொள்க. சாயமிட்ட நூலில் ஒரு சிட்டத்தை ஒரு மாதம் வெயிலில் காயவிட்டும், இன்னொன்றைப் பலமுறை சோப்பிட்டுத் துவைத்தும் பார்த்த பின்னரே விலை பேசுக.